வெளிநாட்டு ஆர்டர்: பெட்டி எங்கே நிற்கிறது, எப்படித் திருப்பி அனுப்புவது

ஆர்டர் போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. டிராக்கிங் பக்கத்தில் ஒரே வரி பத்து நாளாக அசையாமல் நிற்கிறது. உடனே மனதில் எழும் கேள்வி, "பார்சல் தொலைந்துவிட்டதா?" அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: பார்சல் முதலில் கிளம்பியதா?

"லேபிள் உருவாக்கப்பட்டது", "அனுப்புநர் தகவல் தந்துள்ளார்" என்ற வரி மட்டும் இருந்தால், விற்பனையாளர் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை எடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பெட்டி இன்னும் அவர் கிடங்கிலேயே இருக்கலாம். பொருள் கையிருப்பில் இல்லாதபோதும் "அனுப்பிவிட்டோம்" என்று காட்டுவதற்காக இப்படி எண்ணை முன்கூட்டியே எடுப்பவர்கள் உண்டு. ஐந்து வேலை நாள் கழிந்தும் "பெறப்பட்டது" என்ற முதல் ஸ்கேன் விழவில்லையா? எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில் ஒப்படைத்தீர்கள் என்று கேளுங்கள். ஒப்படைத்த ரசீதின் படத்தையும் கேளுங்கள். "எப்போது வரும்?" என்று கேட்டால் "சீக்கிரம் வரும்" என்றுதான் பதில் வரும். ரசீதைக் கேட்டால் அப்படி மழுப்ப முடியாது.

அஞ்சல் வழியாக வரும் பார்சலில் எண்ணே நிறையச் சொல்லிவிடும். சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் எஸ்10 தரப்படி அதற்கு 13 இடங்கள்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டெழுத்துக் குறி. முதல் எழுத்து ஆர் என்றால் பதிவு அஞ்சல், ஈ என்றால் ஈ.எம்.எஸ். என்ற விரைவு அஞ்சல், சி என்றால் பார்சல். யு என்று தொடங்கினால் வாசல் வரை டிராக்கிங் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கிளம்பிய நாட்டு ஸ்கேனோடு அது நின்றுபோவது சாதாரணம்.

ஒன்பது இலக்கத்தில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். எண் உண்மையானதா, அவசரத்தில் தட்டிவிட்டதா என்று நாமே போட்டுப் பார்க்கலாம். முதல் எட்டு இலக்கத்தை முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழியுங்கள். 12345678 என்று வைத்துக்கொண்டால் 8, 12, 12, 8, 15, 30, 63, 56, கூட்டினால் 204. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 6. 11 இல் 6 போனால் 5. ஆகவே எண் 123456785 என்றுதான் முடிய வேண்டும். விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று கொள்ளுங்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் அப்படி ஒரு பார்சலே இல்லை, அல்லது எண்ணைத் தவறாகக் கொடுத்திருக்கிறார்கள்.

எண் சரி, முதல் ஸ்கேனும் விழுந்துவிட்டது, அப்புறம் மௌனம் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. கிளம்பும் நாட்டின் பரிமாற்ற அலுவலகத்தில் பொட்டலங்களைப் பையில் போட்டு முத்திரை வைத்துவிடுவார்கள். அதன்பின் பைதான் ஸ்கேன் ஆகும். உள்ளே இருக்கும் உங்கள் பொட்டலம், இறங்கும் நாட்டில் பை பிரிக்கப்படும்வரை ஸ்கேன் ஆகாது. மலிவான அனுப்புமுறையில் விமானத்தில் இடம் கிடைக்கும்வரை பை காத்திருக்கும். இரண்டு மூன்று வாரம் வெறுமையாக இருப்பது இதனால்தான். பல விற்பனையாளர்களின் பொட்டலங்களைச் சேர்த்து அனுப்பும் சரக்கு ஒருங்கிணைப்பு நிறுவனம் வழியாக வருவதில் வேறொரு சிக்கல்: பாதி வழியில் எண்ணே மாறிவிடும். அவர்கள் தந்த எண் ஒன்று, உள்ளூரில் டெலிவரி செய்பவரிடம் உள்ள எண் வேறு. "கடைசிக்கட்ட டெலிவரி எண்ணைக் கொடுங்கள்" என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். அது அவர் கணக்கில் இருக்கும்.

அடுத்த நிறுத்தம் சுங்கம். பார்சல் இங்கே மாட்டுவது பெரும்பாலும் பொருளால் அல்ல, அதன்மேல் ஒட்டிய காகிதத்தால். சிறு பொட்டலத்துக்கு சி.என். 22, பெரிய பார்சலுக்கும் மதிப்பு கூடியதற்கும் சி.என். 23 என்ற படிவம். அதில் பொருளின் விவரம், எண்ணிக்கை, எடை, மதிப்பு, நாணயம், எந்த நாட்டில் செய்தது, எச்.எஸ். எண் ஆகியவை இருக்க வேண்டும். எச்.எஸ். எண் என்பது உலக சுங்க அமைப்பு பராமரிக்கும் ஆறு இலக்க வகைப்பாடு. வரி விகிதம் இதிலிருந்துதான் பிறக்கிறது. இதே விவரங்கள் பெட்டிக்கு முன்னால் மின்னணு வடிவில் போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாடு 2021 முதல் இறுக்கமாகிவிட்டது.

சுங்க அதிகாரி பார்க்கும் இரண்டு படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றில் "ஆக்சஸரீஸ், 1, மதிப்பு 5" என்று இருக்கிறது. இதைப் பார்த்தால் உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. பெட்டி திறக்கப்படும், அல்லது விலைப்பட்டியல் கேட்டு உங்களுக்குக் கடிதம் வரும். இன்னொன்றில் "ஆண்கள் சட்டை, பருத்தி, நெய்த துணி, 2, அரைக் கிலோ, மதிப்பு 40, எச்.எஸ். 6205.20" என்று இருக்கிறது. இதில் கேட்க ஒன்றுமில்லை. நெய்த துணியா, டி-ஷர்ட் போலப் பின்னல் துணியா என்பதுகூட முக்கியம். நெய்தது 62 ஆம் அத்தியாயம், பின்னல் 61 ஆம் அத்தியாயம். பருத்தி டி-ஷர்ட்டின் எண் 6109.10. இவ்வளவு விவரம் எழுத விற்பனையாளருக்கு ஒரு நிமிடம் ஆகாது. எழுதாதவரிடம் விலை உயர்ந்த பொருள் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"வரி குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்துப் போடுகிறேன்", "பரிசு என்று எழுதுகிறேன்" என்று சில விற்பனையாளர்கள் உதவி போலச் சொல்வார்கள். தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். சுங்கத்தின் கண்ணில் இறக்குமதியாளர் நீங்கள்தான். தவறான அறிவிப்புக்கு அபராதமும் பறிமுதலும் உங்கள் தலையில் விழும். பார்சல் தொலைந்தால் இழப்பீடு படிவத்தில் உள்ள மதிப்பை வைத்துத்தான்: 200 கொடுத்து வாங்கிய பொருளுக்கு 10 என்று எழுதியிருந்தால் 10 தான் கிடைக்கும். திருப்பி அனுப்பும்போதும் அந்த 10 உங்களைத் துரத்தும். நீங்கள் 200 என்று எழுதினால் இரண்டு காகிதமும் ஒத்துப்போகாது.

வரிக் கணக்கில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று. பல நாடுகளில் வரி பொருளின் விலைக்கு மட்டும் அல்ல. அனுப்புக்கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. பொருள் 100, கூலி 20, காப்பீடு 2 என்றால் அடிப்படை 122. சுங்கத்தீர்வை 10 சதவீதம் என்றால் 12.20. அதைச் சேர்த்த 134.20 மீது 15 சதவீத விற்பனை வரி, 20.13. மொத்தம் 32.33. பொருளின் விலையை மட்டும் பார்த்து 10 உம் 15 உம் சேர்த்து 25 தானே என்று நினைத்தவருக்கு இது அதிர்ச்சி. இதற்கு மேல் கூரியர் நிறுவனம் உங்களுக்காக முன்கூட்டி வரி கட்டியதற்கு ஒரு கட்டணம் போடும். சிறு பொருளில் சில சமயம் வரியைவிட அந்தக் கட்டணம் பெரிது.

இந்தத் தொகையை யார் கட்டுவது என்பதை ஆர்டர் பக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். அனுப்பு நிபந்தனை டி.டி.பி. என்றால் வரி உட்பட எல்லாம் விற்பனையாளர் பொறுப்பு. டி.ஏ.பி. என்றால் வாசலில் வந்து உங்களிடம் கேட்பார்கள். "இறக்குமதி வரி அடங்கும்" என்ற வரி தெரியும்படி பணம் கட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் கூரியர் வந்து மறுபடி கேட்டால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

பழைய வரிவிலக்குகளை நம்பியும் ஆர்டர் போடக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரையிலான மதிப்புக்கூட்டு வரி விலக்கு 2021 ஜூலை 1 இல் போய்விட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை தீர்வையின்றி வந்துகொண்டிருந்த பார்சல்களுக்கு அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 இல் நின்றது. அந்த நாட்களில் பல நாட்டு அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்குப் பொருள் அனுப்புவதையே தற்காலிகமாக நிறுத்தின. இரண்டு ஆண்டுக்கு முந்தைய ஆலோசனை இன்றைக்குச் செல்லாது என்பதற்கு இதுவே போதும்.

சில நாடுகளில் பெறுநரின் அடையாள எண் இல்லாமல் பெட்டி நகராது: பிரேசிலில் சி.பி.எஃப்., தென் கொரியாவில் தனிநபர் சுங்க எண். அந்த எண்ணில் உள்ள பெயரும் பார்சலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நாட்டுக் குறியோடு கூடிய தொலைபேசி எண்ணையும் விட்டுவிடாதீர்கள். சுங்கம் தொடர்பாகக் கூரியர் கூப்பிடுவது அதில்தான்.

"சிறு தொகை கட்டினால் பார்சல் விடுவிக்கப்படும்" என்று குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். கூரியரின் தளத்தை நீங்களாகத் திறந்து, உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாக்கி உண்மை என்றால் அங்கே தெரியும்.

பேட்டரி உள்ள பொருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வருவதற்கும் போவதற்கும் இங்கே விதி ஒன்றல்ல. தனி லித்தியம் அயன் பேட்டரிக்கு ஐ.நா. அபாயப் பொருள் எண் யூ.என். 3480, சாதனத்தோடு அல்லது சாதனத்துக்குள் வருவதற்கு யூ.என். 3481. தனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை. பவர் பேங்க்கும் தனி பேட்டரிக் கணக்கில்தான் சேரும். அதன் வாட்-அவர் அளவு மேலே அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 3.7 வோல்ட், 20,000 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் 3.7 ஐ 20 ஆல் பெருக்க 74 வாட்-அவர். அஞ்சலில் விமானம் வழி போவது பொதுவாகச் சாதனத்துக்குள் பொருத்திய பேட்டரி மட்டுமே.

பேட்டரி உப்பிய போனோ லேப்டாப்போ வந்து சேர்ந்தால், விற்பனையாளர் "திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம்" என்பார். சேதமடைந்த, பாதுகாப்புக் குறையுள்ள லித்தியம் பேட்டரி விமானத்தில் ஏறவே கூடாது. மறைத்து அனுப்பினால் தீ ஆபத்து, சட்டக் குற்றம் இரண்டும். ஆகவே உப்பலின் படம் எடுத்து, "இதை விமானத்தில் அனுப்ப விதி அனுமதிக்கவில்லை; உள்ளூரில் பாதுகாப்பாக அப்புறப்படுத்துகிறேன், பணத்தைத் திருப்புங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். வாசனைத் திரவியம், நகப்பூச்சு, ஸ்பிரே டப்பா ஆகியவற்றுக்கும் இதே பிரச்சினை. அபாயகரப் பொருள் அனுப்பத் தனி ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து உங்களுக்கு வந்திருக்கும். நீங்கள் அஞ்சலகத்தில் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

பெட்டி கைக்கு வந்ததும் பிரிக்கும் ஆசையை ஐந்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். ஆறு பக்கமும் தெரியும்படி, லேபிள் படிக்கும்படி, ஒட்டிய டேப் உட்பட, நிறுத்தாமல் ஒரே வீடியோ. அதே ஓட்டத்தில் தராசில் வைத்து எடையைக் காட்டி, பின் பிரியுங்கள். லேபிளில் 1.2 கிலோ என்று இருக்கிறது, தராசு 0.3 காட்டுகிறது என்றால் அந்த ஒரு காட்சி பத்து மின்னஞ்சலுக்குச் சமம். பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துக்கு முன்னால் டெலிவரி செய்பவரின் கருவியிலோ தாளிலோ "சேதத்துடன் பெறப்பட்டது" என்று பதியச் சொல்லுங்கள். சர்வதேச விமானச் சரக்குக்கான 1999 ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை, சேதப் புகாரை எழுத்தில் தர 14 நாள் கெடு வைத்திருக்கிறது. நீங்கள் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். உள்ளே இருந்த நுரை, அட்டை எதையும் வீசாதீர்கள். கூரியரின் முதல் வாதம் "பேக்கிங் சரியில்லை" என்பதுதான்.

இனி ரிட்டர்ன். முதலில் ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். "வேண்டாம் என்று வாங்க மறுத்துவிட்டால் தானாகத் திரும்பிவிடும்" என்று பலரும் எண்ணுகிறார்கள். சி.என். 23 படிவத்தோடு சேர்ந்து போகும் பார்சல் அனுப்புச் சீட்டில், சேர்க்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு கட்டம் உண்டு: அனுப்புநருக்குத் திருப்பு, அல்லது கைவிடப்பட்டதாகக் கொள். திரும்பும் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்கும் விற்பனையாளர் இரண்டாவதைக் குறித்திருந்தால், நீங்கள் மறுத்த பார்சல் திரும்பாமல் அங்கேயே அழிக்கப்படலாம். பொருளும் இல்லை, திருப்பி அனுப்பியதற்கு ஆதாரமும் இல்லை.

சரியான வழி, முதலில் ரிட்டர்ன் அனுமதி எண் வாங்குவது. அந்த மின்னஞ்சலில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: கூலி யாருடையது, முகவரி எது, கெடு அனுப்பும் தேதிக்கா சேரும் தேதிக்கா, எந்த அனுப்புமுறை. முகவரியில் கவனம் தேவை. பெட்டியின் மேல் உள்ள அனுப்புநர் முகவரி பல சமயம் மூன்றாவது நாட்டில் இருக்கும் ஒரு ஒருங்கிணைப்புக் கிடங்கு. அங்கே அனுப்பினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சில விற்பனையாளர்களுக்கு உங்கள் நாட்டிலேயே ரிட்டர்ன் கிடங்கு இருக்கும். ஒரு கேள்வி கேட்டால் சுங்கமே இல்லாமல் வேலை முடியும்.

படிவத்தில் "விற்பனை" என்று குறிக்காமல் "திருப்பி அனுப்பும் பொருள்" என்ற கட்டத்தைக் குறியுங்கள். விவரத்தில் மூல விலைப்பட்டியல் எண்ணும், முதலில் வந்த பார்சலின் டிராக்கிங் எண்ணும், ரிட்டர்ன் அனுமதி எண்ணும் எழுதுங்கள். மதிப்பு நீங்கள் கொடுத்த உண்மையான விலை. சுழியம் என்று எழுதினால் எந்தச் சுங்கமும் நம்பாது. விலைப்பட்டியலின் நகல் ஒன்று பெட்டிக்குள், ஒன்று வெளியே ஒட்டிய உறையில். இதைச் செய்யாவிட்டால் விற்பனையாளரின் நாட்டில் அது புதிய இறக்குமதியாகக் கணக்காகி அவரிடம் வரி கேட்பார்கள். அவர் வாங்க மறுப்பார், அல்லது அந்த வரியை உங்கள் ரீஃபண்டில் கழிப்பார். ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் மூன்று ஆண்டுக்குள் அதே நிலையில் திரும்பும் பொருளுக்கு வரிவிலக்கு தருகின்றன, ஆனால் அது கிளம்பியபோது உள்ள காகிதத்தைக் காட்டினால்தான்.

நீங்கள் கட்டிய இறக்குமதி வரி? விற்பனையாளர் அதைத் தரமாட்டார், அது அவரிடம் போகவில்லை. சுங்கத்திடம்தான் கேட்க வேண்டும். இங்கே வரிசை முக்கியம்: பல நாடுகளில் பெட்டி கிளம்புவதற்கு முன்னால் விண்ணப்பிக்க வேண்டும், அதிகாரி பொருளைப் பார்க்கவும் கேட்கலாம். வரி விதித்த தாள், விலைப்பட்டியல், ரிட்டர்ன் மின்னஞ்சல், ஏற்றுமதி ஆதாரம் நான்கும் வேண்டும். பெட்டி போன பிறகு கேட்டால் "அதே பொருள்தான் போனது என்று எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வியில் கோப்பு மூடப்படும். பழுது பார்க்க அனுப்புவதற்கும் இப்படியே முன்பதிவு உண்டு. இல்லாவிட்டால் சரிசெய்து திரும்பிவரும் உங்கள் சொந்தப் பொருளுக்கே மறுபடி வரி.

கூலிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். கூரியர்கள் பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். 50, 40, 30 பெட்டி என்றால் 12 கிலோ. உள்ளே 3 கிலோதான் இருந்தாலும் கூலி 12 க்கு. சின்னப் பெட்டிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். ரிட்டர்ன் கூலி பொருளின் விலையில் பாதியைத் தாண்டினால், பொருளை வைத்துக்கொண்டு ஒரு பகுதிப் பணம் கேட்பதே மேல்.

தகராறு என்று வந்தால் நாட்கணக்குதான் எல்லாம். பேபாலில் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறு பதிய வேண்டும்; பதிந்த 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக (பேபாலே முடிவு சொல்லும்படி) உயர்த்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது. விசா அட்டையில் வங்கி வழியாகத் தகராறு எழுப்பப் பொதுவாக 120 நாள். "இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்" என்ற பதில் மூன்று முறை வந்தால் ஒன்றரை மாதம் போய்விட்டது. ஆர்டர் போட்ட அன்றே 60 ஆம் நாளையும் 100 ஆம் நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அஞ்சலில் தொலைந்ததற்கு விசாரணை கேட்க, அஞ்சலில் சேர்த்த மறுநாளிலிருந்து ஆறு மாதம். ஆனால் ஒப்பந்தம் அஞ்சல் துறைக்கும் அனுப்புநருக்கும் இடையில் இருப்பதால் பெறுநர் போய் நின்றால் பெரும்பாலும் திருப்பிவிடுவார்கள். சி.என். 08 என்ற விசாரணைப் படிவத்தை விற்பனையாளரே போட வேண்டும்; போட்டதற்கான எண்ணை அவரிடம் வாங்குங்கள். "டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டுகிறது, ஆனால் உங்களுக்கு வரவில்லை என்றால் ஏமாற்றும் சாத்தியம் உண்டு: அதே ஊரில் வேறு முகவரிக்கு ஒரு மலிவான பொட்டலத்தை அனுப்பி, அதன் எண்ணை உங்களுக்குக் கொடுப்பது. அஞ்சலகத்திலிருந்து அந்தப் பொட்டலத்தின் எடையும், அது உங்கள் முகவரிக்கு வரவில்லை என்பதும் எழுத்தில் கிடைத்தால் தகராறில் அதைவிடப் பலமான காகிதம் இல்லை.

ரீஃபண்ட் வந்ததும் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். விற்பனையாளர் 100 யூரோ முழுதாகத் திருப்பியிருந்தாலும், அன்றைய மாற்று விகிதத்தில்தான் உங்கள் நாணயத்தில் விழும். வங்கி பிடித்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் பெரும்பாலும் வராது. பணம் கட்டும் பக்கத்தில் "உங்கள் நாணயத்திலேயே செலுத்தவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று, விற்பனையாளரின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். அங்கே போடும் மாற்று விகிதம் பொதுவாக வங்கியுடையதைவிட மோசம். ரிட்டர்ன் ஆனால் இழப்பு இரண்டு தடவை.